நடையா, ஜிம்மா, யோகாவா, வீட்டுப் பயிற்சியா? மனச்சோர்வோடு எடையையும் குறைக்க வேண்டியவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவரும் பலருக்கு ஒரு கட்டத்தில் இரண்டாவது கவலை ஒன்றும் வந்து சேர்கிறது. ஓராண்டுக்குள் உடல் பெருத்துவிடுகிறது. பழைய உடைகள் பொருந்துவதில்லை. மருத்துவர் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார். வீட்டிலும் ஆளுக்கொரு யோசனை வைத்திருக்கிறார்கள். மாமா நடக்கச் சொல்கிறார், தம்பி ஜிம்முக்கு அழைக்கிறான், பக்கத்து வீட்டு அக்கா தாம் போகும் யோகா வகுப்பின் பெருமையைச் சொல்லி முடிப்பதில்லை. எதில் சேர்வது என்று தீர்மானிக்க இயலாமலே மாதங்கள் கழிகின்றன. முடிவெடுக்க இயலாமை மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று என்பதால், இதைச் சோம்பல் என்று பழிப்பது நியாயமன்று.

இவற்றை ஒப்பிட்டு எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் எத்தனை கலோரி எரியும் என்ற ஒரே கணக்கை வைத்து வரிசைப்படுத்துகின்றன. நினைத்த நேரத்தில் எழுந்து கிளம்பக்கூடியவருக்கு அந்த வரிசை உதவலாம். குளிப்பதற்கே அரை நாள் மனத்தைத் திரட்ட வேண்டியவருக்கு அது எந்த வகையிலும் பயன்படாது. ஆகவே இங்கே கலோரிக் கணக்கு நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

இரண்டு சிக்கல்களையும் தனித்தனியே தீர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் சரிவராது. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பது தொகுப்பாய்வு. 2010இல் வெளியான அத்தகைய ஒன்று, உடல் பருமன் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதமும், மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னர் உடல் பருமன் ஏற்படும் வாய்ப்பு 58 சதவீதமும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது என்பதால், எடைக்காக எடுக்கும் முயற்சி மனத்தை மேலும் நசுக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது மருத்துவ நோக்கிலும் அவசியமாகிறது.

## தேர்வுக்கு முன் பார்த்துவிட வேண்டியவை

தைராய்டு சுரப்புக் குறைவு உடலைப் பெருக்கவைக்கும், களைப்பைத் தரும், மனத்தையும் சோர்வடையச் செய்யும். இரத்தசோகையும் வைட்டமின் பி12 குறைபாடும் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும் நிலைக்கு ஒருவரைக் கொண்டுவந்துவிடும். எளிய இரத்தப் பரிசோதனைகளில் தெரிந்துவிடும் இவற்றைக் கவனிக்காமல் ஜிம்முக்குப் பணம் கட்டுவது வீண். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மூட்டுத் தேய்மானம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் எந்தப் பயிற்சியையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். மனநிலையைச் சீராக வைக்கத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தை எடுத்துக்கொள்பவர்கள் உடலில் நீர் வற்றும் அளவுக்கு வியர்க்கும் பயிற்சிகளில் தனிக் கவனம் கொள்ள வேண்டும். நீரிழப்பு இரத்தத்தில் அந்த மருந்தின் அளவை உயர்த்திவிடக்கூடும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால், இந்தக் கட்டுரை பேசும் தேர்வை அப்படியே தள்ளிவைத்துவிட்டு உடனே மருத்துவரை அணுக வேண்டும், அல்லது வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவை) எண்ணில் இரவிலும் பகலிலும் தமிழில் கட்டணமின்றிப் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

## எந்த அளவுகோல்களை வைத்துப் பார்ப்பது

முதலாவது, மிக மோசமான நாளிலும் அந்தப் பயிற்சியின் ஒரு சிறு பகுதியையாவது செய்ய முடியுமா என்பது. உடை மாற்றுவது, வண்டியை எடுப்பது, பிறர் முகத்தைப் பார்ப்பது என்று பயிற்சிக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொரு படியும் இந்த நோயில் ஒரு சுவராகிவிடும்.

இரண்டாவது அளவுகோலுக்கே நான் மிகுந்த மதிப்பெண் தருவேன்: பத்து நாள் விட்டுப்போன பிறகு வெட்கமோ அபராதமோ இல்லாமல் திரும்பி வர முடியுமா? மனச்சோர்வு ஏறியும் இறங்கியும் செல்லும் நோய் என்பதால் இடைவெளி விழுவது ஏறத்தாழ உறுதி. அந்த இடைவெளியைக் குற்றமாக்காத பயிற்சிதான் ஓராண்டுக்குப் பிறகும் கையில் இருக்கும். அமெரிக்காவில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஆறுதலான சான்று ஒன்றைத் தருகிறது. லேசான அல்லது மிதமான மனச்சோர்வு உள்ளவர்களை 12 வாரங்கள் வெவ்வேறு அளவுகளில் பயிற்சி செய்யவைத்துப் பார்த்ததில், வாரத்தின் மொத்த அளவுதான் பலனைத் தீர்மானித்தது. அதை மூன்று நாளில் செய்தார்களா, ஐந்து நாளில் செய்தார்களா என்பதால் வேறுபாடு விளையவில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 17.5 கலோரி என்பதே அங்கே பலன் தந்த வாராந்திர அளவு. எழுபது கிலோ உள்ளவருக்கு இது சுமார் 1,225 கலோரி, அதாவது விறுவிறுப்பான நடையாக வாரத்தில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். நாள் தவறாமல் செய்ய வேண்டும் என்ற கட்டளை நம் வீடுகளில் உரக்க ஒலிக்கிறது. ஆய்வில் அதற்கு ஆதரவு இல்லை.

மூன்றாவது, மனச்சோர்வைக் குறைப்பதற்கான சான்று. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 156 பேரைக் கொண்டு நடத்தி 1999இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 16 வாரங்களின் முடிவில் வாரம் மூன்று முறை உடற்பயிற்சி செய்தவர்களும் மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தனர். தொடக்க வாரங்களில் மட்டும் மாத்திரையின் பலன் விரைவாகத் தெரிந்தது. அண்மையில், 2024இல், 218 ஆய்வுகளையும் 14,170 பேரையும் உள்ளடக்கிய தொகுப்பாய்வு ஒன்று நடை அல்லது மெல்லோட்டம், யோகா, தசை வலுப் பயிற்சி ஆகியவற்றை முன்வரிசையில் வைத்தது. அதில் சேர்க்கப்பட்ட ஆய்வுகள் பலவற்றின் தரம் குறைவு என்று ஆய்வாளர்களே எச்சரித்திருப்பதால், எது முதல், எது இரண்டாவது என்று அடித்துப் பேச இடமில்லை. மூன்றுமே உதவும் என்று கொள்வதே பொருத்தம்.

நான்காவதாகத்தான் எடை வருகிறது. இதில் வாசகர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய கசப்பான கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற தொழில்முறை அமைப்பு 2009இல் வெளியிட்ட நிலைப்பாட்டின்படி, வாரம் 150 நிமிடத்துக்கும் குறைவான பயிற்சியால் எடை அநேகமாகக் குறைவதில்லை. அதைத் தாண்டினால் 2 முதல் 3 கிலோ வரை குறையும். 225 முதல் 420 நிமிடம் வரை செய்பவர்களுக்கே 5 முதல் 7.5 கிலோ வரை குறைகிறது. எழுபது கிலோ உள்ளவர் அரை மணி நேரம் சாதாரண வேகத்தில் நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. திரும்பும் வழியில் ஒரு மெது வடையும் சர்க்கரை போட்ட ஒரு தேநீரும் சாப்பிட்டால் அது முழுவதும் திரும்பிவிடும். எடையைப் பெரிதும் தீர்மானிப்பது உணவு என்பதை ஏற்றுக்கொண்டால், பயிற்சியின் மேல் சுமத்தும் எதிர்பார்ப்பு குறையும். எதிர்பார்ப்பு குறைந்தால் ஏமாற்றமும் குறையும்.

ஐந்தாவது, கட்டணச் சீட்டில் வராத செலவுகள். பணம், பயண நேரம், பிறர் பார்வை, குற்ற உணர்ச்சி ஆகிய எல்லாம் இதில் அடங்கும்.

| தேர்வு | மோசமான நாளில் | விட்டபின் திரும்புதல் | எடைக்கு | கணக்கில் வராத செலவு |
|---|---|---|---|---|
| நடை | பத்து நிமிடமாவது முடியும் | மிக எளிது | மெதுவான பலன் | வெயில், மழை, தனிமையில் சுழலும் எண்ணங்கள் |
| ஜிம் | கடினம் | கடினம் | உணவும் மாறினால் நல்ல பலன் | முன்பணம், கண்ணாடி, ஒப்பீடு |
| யோகா வகுப்பு | நடுத்தரம் | ஆசிரியரைப் பொறுத்தது | குறைவு | மிகையான வாக்குறுதிகள் |
| வீட்டில் தசை வலுப் பயிற்சி | எளிது | எளிது | தசையைக் காக்கும் | தனிமை, இடமின்மை |
| ஷட்டில் போன்ற குழு விளையாட்டு | மிகக் கடினம் | குழுவைப் பொறுத்தது | நல்ல பலன் | பிறரை ஏமாற்றிய உணர்வு |

## நடைப்பயிற்சி

முதலிரண்டு அளவுகோல்களிலும் நடைக்கு நிகராக வேறொன்றும் இல்லை. வீட்டு உடையிலேயே தெருமுனை வரை போய்த் திரும்பினாலும் அது நடைதான். யாரும் வருகைப் பதிவு எடுப்பதில்லை. பதினைந்து நாள் வராதவரைப் பூங்கா ஒரு கேள்வியும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளப்படுத்தப்பட்டுள்ளது. மனச்சோர்வில் இருப்பவருக்கு அந்த எட்டு கிலோமீட்டர் தொடக்க இலக்காகிவிடக் கூடாது. அந்தப் பாதையின் முதல் அரைக் கிலோமீட்டரே போதுமானது.

நடையைப் பற்றி நம்மிடையே நிலவும் அறிவுரைகளில் ஒன்று இந்த நோயாளிகளுக்குக் குறிப்பாகத் தீங்கு செய்கிறது: விடியற்காலையில் எழுந்து நடக்க வேண்டும் என்பது. தீவிர மனச்சோர்வு உள்ள பலருக்குக் காலைப்பொழுதுதான் நாளின் மிக மோசமான நேரம். மாலை நெருங்க நெருங்கச் சற்றுத் தெளிவு வரும். இதன்மேல், இரவில் எடுக்கும் மிர்ட்டசபைன், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளின் மயக்கம் மறுநாள் காலை வரை நீடிப்பதுண்டு. ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழ முடியாமல் போய், அந்தத் தோல்வியோடு நாளைத் தொடங்குபவர், மாலை ஐந்தரைக்கு நடந்தால் எதையும் இழக்கப்போவதில்லை. எரியும் கலோரிக்குக் காலை, மாலை என்ற பேதம் தெரியாது.

நடையின் குறை, அதன் எளிமையிலேயே இருக்கிறது. கால்கள் தாமாக நடப்பதால் மனம் விடுபட்டு, பழைய எண்ணங்களையே சுற்றிச் சுற்றி வரும். அப்படிப்பட்டவர்கள் தனியாக நடப்பதைத் தவிர்த்து, அதிகம் பேசாத ஒரு துணையோடோ காதில் வானொலியோடோ நடப்பது நல்லது. பருவங்களும் குறுக்கே வரும். கத்திரி வெயிலில் பகல் நடை இயலாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைத் தெருக்களில் நீர் தேங்கிவிடும். இருட்டிய பின் பெண்கள் தனியே நடக்கத் தயங்குவதற்கும், தெருநாய்கள் இருக்கும் பகுதிகளில் யாருமே தயங்குவதற்கும் உரிய காரணங்கள் உண்டு. மொட்டை மாடியும், அங்கே எட்டு வடிவில் நடப்பதும் அந்நாட்களுக்கு மாற்றாகும். எட்டு நடைக்கென்று தனியான அற்புத சக்தி இருப்பதாகச் சொல்லப்படுவதை நம்ப வேண்டியதில்லை. சிறிய இடத்தில் நடக்க அது வசதியான வழி, அவ்வளவுதான்.

மனச்சோர்வு கடுமையாக இருப்பவருக்கும், சிகிச்சையின் முதல் மாதங்களில் இருப்பவருக்கும் இதுவே சிறந்த தொடக்கம் என்பது என் கருத்து. எடை குறையவில்லை என்பதற்காக மட்டும் இதைக் கைவிடக் கூடாது.

## ஜிம்

ஜிம்மின் பலம் அதன் ஒழுங்கில் இருக்கிறது. நேரம், இடம், செய்ய வேண்டிய பயிற்சி மூன்றையும் வேறொருவர் தீர்மானித்துத் தருவதால், முடிவெடுக்கும் சுமை குறைகிறது. குளிரூட்டிய அறை என்பதால் மே மாதம் ஒரு தடையாகாது. பயிற்சியாளர் பெயர் சொல்லி அழைப்பதும், நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பதும் சிலருக்குப் பற்றுக்கோடாக அமையும். பளு தூக்கும் பயிற்சியும் ட்ரெட்மில்லும் ஒரே இடத்தில் இருப்பதால், உணவையும் மாற்றிக்கொள்பவருக்கு எடையிலும் இடுப்பிலும் விரைவான மாற்றம் தெரியலாம்.

ஆனால் மற்றத் தேர்வுகளைவிட இதில்தான் மறைமுகச் செலவு மிகுதி. ஓராண்டுக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டினால் மாதக் கணக்கில் மலிவாகத் தெரியும். ஆனால் மனச்சோர்வு உள்ளவருக்கு அந்த ஒப்பந்தம் இழப்பில் முடியும் வாய்ப்பே அதிகம். நடுவில் இரண்டு மாதம் படுத்துவிட்டால் பணம் போவதோடு, 'கட்டிய பணத்தையும் வீணாக்கினேன்' என்ற நினைப்பு ஏற்கெனவே தன்னையே பழித்துக்கொண்டிருக்கும் மனத்துக்குப் புதுத் தீனியாகிறது. மாதந்தோறும் கட்டும் முறையில் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்கு பக்கமும் கண்ணாடி, சேரும் நாளன்றே பிறர் முன்னிலையில் எடை பார்ப்பது, உடல் மாறியவர்களின் 'முன்பும் பின்பும்' படங்கள் சுவரில் தொங்குவது ஆகியவை வேறொருவருக்கு ஊக்கமாக இருக்கலாம். தன் உடலை வெறுக்கத் தொடங்கியிருக்கும் ஒருவருக்கு அவை அங்கிருந்து வெளியேறக் காரணமாகின்றன. தொடங்கிய வாரத்திலேயே புரோட்டீன் பவுடரும், சோற்றை அறவே நிறுத்தச் சொல்லும் உணவு அட்டவணையும் கைக்கு வந்தால் இரண்டையும் மறுத்துவிடலாம். கடும் பத்தியம் பசியையும் எரிச்சலையும் கூட்டி, இரவில் பிரியாணி வரவழைப்பதில் முடிவதே பெரும்பாலும் நடக்கும்.

தூக்கமும் பசியும் ஓரளவு சீரடைந்து, வேலைக்குப் போய்வரத் தொடங்கிவிட்டவர்களுக்கு, முன்பு விளையாட்டில் ஈடுபட்டுப் பழகியவர்களுக்கு, பேச்சை விரும்பாமல் மனிதர்கள் நடுவே மட்டும் இருக்க விரும்புபவர்களுக்கு ஜிம் நன்றாகப் பொருந்தும். கூட்டம் குறைந்த பிற்பகலில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

## யோகா வகுப்பு

எடைக்காக மட்டும் யோகாவுக்குப் போனால் ஏமாற்றமே கிடைக்கும். மெதுவான ஆசனங்களில் எழுபது கிலோ உள்ளவர் ஒரு மணி நேரத்தில் செலவிடுவது ஏறக்குறைய 175 கலோரி; அது நடையைவிடக் குறைவு. சூரிய நமஸ்காரத்தைத் தொடர்ந்து வேகமாகச் செய்தால் இது உயரும். ஆனால் தொடக்கநிலையில் இருப்பவர்களால் அப்படி நெடுநேரம் செய்ய முடியாது.

மனத்தைப் பொறுத்தவரை கதை வேறு. 2024ஆம் ஆண்டின் தொகுப்பாய்வில், பாதியில் விட்டுச்செல்வோர் குறைவாக இருந்தவை யோகாவும் தசை வலுப் பயிற்சியும்தான். அதே ஆய்வில் ஒரு சுவையான முடிவும் இருக்கிறது: யோகா ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும், தசை வலுப் பயிற்சி பெண்களுக்கும் இளையவர்களுக்கும் சற்றுக் கூடுதலாகப் பலன் தந்திருக்கிறது. நம் ஊரில் பெண்களை யோகாவுக்கும் ஆண்களை ஜிம்முக்கும் அனுப்பும் வழக்கத்துக்கு இது நேர் எதிர். இத்தகைய உட்பிரிவு முடிவுகளை வைத்து மட்டும் தீர்மானிக்கக் கூடாது என்றாலும், வழக்கத்தை ஒருமுறை கேள்வி கேட்க இது போதும்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். 'இன்னும் மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாம்' என்று எந்த ஆசிரியர் சொன்னாலும் அந்த வகுப்பை விட்டு விலகிவிட வேண்டும். கண்ணை மூடி நெடுநேரம் அமரும் தியானம் எல்லோருக்கும் அமைதி தருவதில்லை. சிலருக்கு அந்த மௌனத்தில் எதிர்மறை எண்ணங்கள் பெருகுகின்றன. அத்தகையோர் ஆசனம் வரை இருந்துவிட்டு எழுந்து வருவதில் தவறொன்றும் இல்லை. பதற்றமும் தூக்கமின்மையும் மிகுந்தவர்களுக்கும், மூட்டுவலியால் அதிகம் நடக்க முடியாதவர்களுக்கும் யோகா முதல் தேர்வாகலாம்; எடையை அப்போது உணவின் பொறுப்பில் விட்டுவிட வேண்டும்.

## வீட்டில் தசை வலுப் பயிற்சி

இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. சுவரில் கைவைத்துச் செய்யும் தண்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது என்று கருவியே இல்லாமலும் இதைத் தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சி செய்யச் சொல்கிறது.

மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இதில் இரண்டு தனி நன்மைகள் உண்டு. ஒன்று, உணவைக் குறைத்து எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைவதை இது தடுக்கும். மற்றொன்று 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்விலிருந்து தெரிவது. மொத்தம் 1,877 பேர் பங்கேற்ற 33 ஆய்வுகளைத் தொகுத்ததில், தசை வலுப் பயிற்சி மனச்சோர்வு அறிகுறிகளைக் குறைத்தது. உடல் வலிமை எவ்வளவு கூடியது என்பதைப் பொறுத்து அந்தப் பலன் மாறவில்லை. திறமையாகச் செய்ய வேண்டியதில்லை, செய்தாலே போதும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

வீட்டை விட்டு வெளியே போகாமலே செய்துவிடலாம் என்பது இதன் வசதி. அதுவே இதன் ஆபத்தும்கூட. அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பது நோயின் போக்கு என்பதால், இது மட்டுமே பயிற்சி என்றாகிவிட்டால் வெளியுலகத் தொடர்பு மேலும் அறுபடும். ஒற்றை அறை வீட்டில் மூன்று தலைமுறை வசிக்கும் இடத்தில் தனிமையே கிடைக்காது என்ற எதிர்ச் சிக்கலும் உண்டு. யூடியூப் காணொளிகளைப் பார்த்துச் செய்பவர்கள், '30 நாளில் 10 கிலோ' என்று தலைப்பிட்டவற்றைத் திறக்காமலிருப்பது நல்லது. அந்த வேகத்தில் இறங்கும் எடை பெரும்பாலும் அதே வேகத்தில் திரும்பிவிடும். கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கும், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பால் வெளியே செல்ல இயலாதவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. மற்றவர்கள் வாரத்தில் இரண்டு நாள் இதையும் மீதி நாட்களில் நடையையும் வைத்துக்கொள்ளலாம்; கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சேர்க்கையைத்தான்.

## குழு விளையாட்டு

ஷட்டில், கைப்பந்து போன்றவற்றில் கலோரியும் நட்பும் ஒருசேரக் கிடைக்கும். ஆனால் இரட்டையர் ஆட்டத்துக்கு ஒருவர் வராவிட்டால் மூன்று பேரின் ஆட்டம் கெடும் என்பதால், இந்த நோயின் ஏற்ற இறக்கத்துக்கு இது எளிதில் ஈடுகொடுக்காது. நிலைமையை அறிந்த, வராத நாளைப் பெரிதுபடுத்தாத நண்பர் குழு ஏற்கெனவே இருந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

## எடையை எப்படிக் கணக்கில் வைப்பது

எந்தத் தேர்வானாலும் முதல் இரண்டு மாதங்களுக்குத் தினமும் எடை பார்க்கும் வழக்கம் வேண்டாம். உடலில் நீரின் அளவு மாறுவதாலேயே எடை ஓரிரு கிலோ ஏறியும் இறங்கியும் காட்டும். அந்த எண் ஒரு முழு நாளின் மனநிலையைத் தீர்மானித்துவிடக்கூடும். மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவை நாடாவால் அளந்து குறித்துவைப்பது போதுமானது. தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பதே கவனம் தொடங்க வேண்டிய எல்லை. எடைக்குப் பதிலாகத் தூங்கிய நேரத்தையும், படியேறும்போது மூச்சு வாங்குகிறதா என்பதையும் எழுதிவைத்தால் முன்னேற்றம் முன்னதாகவே கண்ணுக்குத் தெரியும்.

பயிற்சியும் உணவும் ஒழுங்காக இருந்தும் எடை ஏறிக்கொண்டே இருந்தால் மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. மிர்ட்டசபைன், பராக்சிடின், அமிட்ரிப்டிலின் ஆகியவையும், சிலருக்குக் கூடுதலாகத் தரப்படும் ஓலன்சபைன், க்யூட்டியாபைன் ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடியவை. ஃபுளுவாக்சிடின், பூப்ரோபியான் போன்றவற்றில் அந்தச் சிக்கல் குறைவு. மருந்தை மாற்றலாமா என்பது நோயின் கடுமை, வலிப்பு போன்ற பிற நோய்கள், முன்பு எந்த மருந்து பலன் தந்தது ஆகியவற்றைப் பொறுத்தது என்பதால் அந்த முடிவு மருத்துவருடையதே. வாசகர் செய்ய வேண்டியது, மாத்திரை தொடங்குவதற்கு முன்பிருந்த எடை, இப்போதைய எடை, பசி எப்போது கூடியது, இதுவரை செய்துவந்த பயிற்சி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அடுத்த முறை எடுத்துச்செல்வது. அதுவரை மாத்திரையைத் தாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், குமட்டல், தூக்கக் கேடு, எரிச்சல் ஆகியவை சில நாட்களுக்குள் தொடங்கலாம், மனச்சோர்வும் திரும்பி வரலாம்.